இரண்டு மணியிலிருந்து நாலரை வரை

திங்கள், மார்ச் 24

விடியவே வியர்வை. காற்று இல்லை. கடல், தட்டில் ஆற வைத்த தேத்தண்ணி மாதிரி அசையாமல்.

இருபத்து நாலாம் நாள். இன்னும் ஆறு.

அம்மா இன்றைக்கும் தொடங்கினார். "ஒன்பது மாசம் இங்கிலாந்தில படிச்சுப்போட்டு வந்து, கடலுக்குள்ள ஒரு கம்பை நட்டுவைச்சு அதைப் பாத்துக்கொண்டிருக்கிறியே பிள்ளை? இதுக்கு ஒரு பட்டமோ?"

ஓம் அம்மா. இதுக்குத்தான். நில அளவையும் கடல் அளவையும், முதுமாணி. அங்கே வகுப்பு, இங்கே களவேலை, பிறகு திரும்பவும் அங்கே போய் ஆய்வேடு. கடலின் ஆழத்தை அளக்க முதல், எந்த நேரத்தில் கடல் எவ்வளவு ஏறி நிற்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் கம்பம். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை அரை மணிக்கு ஒரு வாசிப்பு. முப்பது நாள். இரவில் நிற்க அனுமதி இல்லை. இரவு அளவுகளைத் துறைமுகத்தில் கேட்டு வாங்குகிறோம். எத்தனை தரம் சொன்னாலும் அம்மாவுக்கு அது கம்புதான்.

வெள்ளவத்தையிலிருந்து முகத்துவாரத்து மீன்பிடித் துறைக்கு பஸ்ஸில் ஒன்றே கால் மணி. மூன்று சோதனைச் சாவடி. மூன்றிலும் இறங்கி ஏற வேண்டும். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, அனுமதிக் கடிதம். கடிதம் மடிப்பில் கிழிந்துவிட்டது. செலோரேப் வாங்க வேண்டும்.

பன்னிரண்டு வரை செல்வாவின் முறை. பிறகு நான். நான் போனபோது கம்பத்துக்கு முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு பராட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரே வகுப்பில் இருந்து, ஒரே விமானத்தில் திரும்பி வந்து, இப்போது ஒரே புத்தகத்தில் எழுதுகிறோம். இன்னமும் என் பேச்சைக் கிண்டல் பண்ணாவிட்டால் அவனுக்குச் செமிக்காது.

"என்ன செல்வா, நீர் சாப்பிடுறீரா, வாசிக்கிறீரா?"

"ரெண்டும்தான் 'நீர்'. கண்ணு கம்பத்துல, வாயி பராட்டாவுல."

செலோரேப், சவர்க்காரம், அம்மாவின் பிரஷர் குளிசை.

செவ்வாய், மார்ச் 25

வெயில். தலையிடி.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் எங்கள் மேற்பார்வையாளர் சொன்ன விதிகளை நான்தான் எழுதி வைத்தேன்.

1. அரை மணிக்கு ஒரு வாசிப்பு.
2. எழுதியதை அழிக்கக் கூடாது. பிழை என்றால் மேலே ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது தெரிய வேண்டும்.
3. வாசித்தவர்தான் இனிஷியல் போட வேண்டும்.

இன்றைக்குப் பார்த்தால் நாலாவதாகப் பென்சிலில்: "பசித்தால் சோமா அக்கா கடை." செல்வாவின் வேலை. கம்பத்துக்கு எதிரே இருக்கிற தேத்தண்ணிக் கடைதான் அது. பெரிய தொர பார்த்தால் என்ன சொல்வார் என்று கேட்டேன். (மேற்பார்வையாளருக்கு அவன் வைத்த பெயர் அது. தோட்டத்தில் வெள்ளைக்கார முகாமையாளரை அப்படித்தான் சொல்வார்களாம். அவனுடைய அப்பா ஹட்டனிலிருந்து கொழும்புக்கு வந்து முப்பது வருடமாகப் புறக்கோட்டையில் நாட்டாமை, மூட்டை தூக்குகிறார். ஜிந்துப்பிட்டியில் ஒற்றை அறை. அந்த அறையிலிருந்துதான் இவன் இங்கிலாந்துக்குப் போனான்.)

"தொர என்னா சொல்வாரு? கடைய எந்த அட்சரேகையிலன்னு கேப்பாரு."

அங்கே கடல் ஐந்து மீற்றர் ஏறி இறங்கும். இங்கே முழங்கால் அளவு. "அங்க கடல் காலையில வீட்ட விட்டு ஓடிப் போயி சாயந்தரம் திரும்பி வரும். நம்ம கடல் வாசப்படியே தாண்டாது, நல்ல குடும்பத்துப் புள்ள" என்கிறான். சிரித்துச் சிரித்து இரண்டரை வாசிப்பு இரண்டு நிமிடம் பிந்திவிட்டது. 2.32 என்று எழுதினேன்.

அங்கே போய் வந்ததிலிருந்து ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுகிறான். பெரிய எடுப்பு.

புதன், மார்ச் 26

நாளைக்கு என் விசா நேர்காணல். காலை பத்து மணிக்கு, கொள்ளுப்பிட்டியில். எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. செல்வாவுக்குப் போன செவ்வாய் முடிந்தது; அன்றைக்கு அவனுடைய முறையையும் நான்தான் பார்த்தேன்.

"நீங்க போங்க யசோ. நாளைக்கு ரெண்டு முறையும் நான் பாக்குறேன். ஆறு மணி வரைக்கும் நவுர மாட்டேன்."

"கிரிக்கெட் மச் இருக்கு நாளைக்கு. பாத்து."

"மச்சா, கம்பமான்னு கேட்டா கம்பந்தான்."

இருபத்தாறு நாள் ஓடிவிட்டது. இடையில் ஒரு துண்டு விட்டாலும் முழுத் தொடரும் பழுது, முதலில் இருந்து தொடங்க வேண்டும். வகுப்புக் குறிப்பில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் இருந்து தொடங்க எங்கே நேரம்? பயணம் ஏப்ரல் நடுவில்; பிந்தினால், மே மாதம் தென்மேற்குக் காற்று தொடங்கும், கம்பமும் நிற்காது, நாங்களும் நிற்க மாட்டோம்.

எடுத்து வைக்க: பாஸ்போட், பல்கலைக்கழகக் கடிதம், புலமைப்பரிசில் கடிதம், படம் 2, பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு. நீலச் சேலை அயர்ன் பண்ண வேண்டும்.

வியாழன், மார்ச் 27

எரிச்சல். எரிச்சல். எரிச்சல்.

நேர்காணல் பத்துக்கு என்று சொல்லி இரண்டுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு கேள்வி. கடலின் அடியை எதற்கு அளக்க வேண்டும்? திரும்பி வருவீர்களா? வருவேன் என்றேன். திங்கள் வந்து பாஸ்போட் எடுக்கட்டாம்.

நேரே துறைக்குப் போனேன், நல்ல செய்தி சொல்ல. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க இறங்கினேன். கம்பத்தடியில் ஒருவரும் இல்லை. தகரப் பெட்டிக்குள் புத்தகம், பென்சில். கம்பியில் குடை தொங்குகிறது. குடையைக்கூட எடுக்காமல் ஓடியிருக்கிறான், அவ்வளவு அவசரம். சோமா அக்காவின் கடையும் பூட்டு. புத்தகத்தைத் திறந்தால் கடைசி வாசிப்பு ஒன்றரைக்கு. 0.38. எஸ்.ஆர். அதற்குப் பிறகு வெறுமை.

மச் இரண்டு மணிக்குத் தொடங்கியது. எனக்குத் தெரியும். பஸ்ஸில் ரேடியோவில் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

போனில் கூப்பிட்டால் நிறுத்தி வைத்திருக்கிறான். பயம், நான் பேசுவேன் என்று.

ஐந்து மணிக்கு நான் வாசித்தேன். 0.53. பௌர்ணமி கழிந்து ஆறு நாள், கடலுக்கு இப்போது சோம்பல், மூன்றரை மணி நேரத்தில் ஒரு சாண்கூட ஏறவில்லை. இடையில் உள்ளது ஒரு குழந்தைக்கும் தெரியும். 0.40, 0.42, 0.45, 0.47, 0.50, 0.52.

எழுதினேன். அவனுடைய முறை என்றபடியால் அவனுடைய இனிஷியல். அவனுடைய எழுத்துச் சாய்வு. 0.47 இல் ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு. எழுதி முடித்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது, அதில் கொஞ்சம் பெருமைகூட.

நாளைக்குப் பேச்சு வாங்குவான்.

வெள்ளி, மார்ச் 28

இரவு முழுக்க அவன் போன் வேலை செய்யவில்லை. நம்பாமல் முதல் பஸ்ஸில் போனேன். ஆறு பத்துக்குத்தான் சேர முடிந்தது. 6.10 என்றே எழுதினேன்.

அவன் வரவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது. ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒவ்வொரு ஏச்சு சேர்த்து வைத்தேன்.

பதினொன்றுக்கு ஒரு வயதான மனிதர் சாக்குத் துண்டைத் தோளில் போட்டபடி துறைக்குள் வந்தார். செல்வாவின் அப்பா. ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், விமான நிலையத்தில்.

"புள்ள, செல்வா இங்க இருக்கானா?"

இல்லை ஐயா என்றேன். அவரும் இல்லை என்று தலையை ஆட்டினார், நான் கேட்டதுபோல.

"ராத்திரி வீட்டுக்கு வரல. சோறு அப்படியே இருக்கு. அவன் சொல்லாம எங்கயும் தங்க மாட்டான்."

இந்த ஊரில் இந்த நாளில் ஒரு தமிழன் இரவு வீட்டுக்கு வரவில்லை என்றால் வானில் ஏற்றிப் போய்விட்டார்கள் என்று அர்த்தம், எல்லோருக்கும் தெரியும். நான் மச் என்று நினைத்திருக்கிறேன். கடவுளே, நான் மச் என்று நினைத்தேன்.

பொலிசுக்குப் போவோம் வாங்கோ ஐயா என்றேன். முதலில் சொந்தக்காரர் வீடுகளில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். "நீ வேலைய விடாத. அவன் வந்தா என்னயத் திட்டுவான்." நாலு மணிக்குத் திரும்பி வந்தார். எங்கும் இல்லை. ஆறு மணி வரை என் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு அரை மணிக்கும் நான் எழும்ப, அவரும் எழும்பினார்.

பிறகு பொலிஸ். கடமையில் இருந்த சார்ஜன்ட் மரியாதையாகத்தான் கதைத்தார். சிங்களத்தில் கேட்பதை நான் தமிழாக்கி ஐயாவுக்குச் சொன்னேன். கடைசியாக எங்கே இருந்தார், எத்தனை மணிக்கு? ஐயா என் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டினார். சார்ஜன்ட் வாங்கி விரலால் கீழே இறங்கினார்.

"ஹதரஹமார வெனகங் ஹிட்டியா, நே மிஸ்?"

நாலரை வரை இருந்திருக்கிறார், அப்படித்தானே.

ஒரு கணம். ஒரு கணந்தான்.

"ஒவ் சேர்" என்றேன்.

துறைக்குப் போகும் ஒரே பாதையில் சாவடி இருக்கிறது. உள்ளே வந்து போகிற வாகனம் எல்லாம் இலக்கம், நேரத்தோடு அங்கே பதிவாகும். நாலரையிலிருந்து ஆறு வரை பார்க்கச் சொல்கிறேன் என்றார். பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டார்.

ஏன் சொல்லவில்லை? எழுதி வைக்கிறேன், எனக்காவது தெரியட்டும். பொய் வாசிப்பு எழுதினேன் என்று வெளியே வந்தால் என் பட்டம் போய்விடும். அவனுடையதும் போய்விடும், ஒரே புத்தகம். மூன்று மணி நேரத்தில் என்ன வந்துவிடப் போகிறது, நாளைக்கு வந்துவிடுவான் என்றும் நினைத்தேன். மூன்று காரணம். மூன்றும் ஒன்றுக்கும் உதவாது.

சனி, மார்ச் 29

லேசான காற்று. 29ஆம் நாள்.

சோமா அக்கா கடை திறந்திருந்தார். வழக்கமாக "நங்கி, மல்லி கோ?" என்று, தம்பி எங்கே என்று, கத்திக் கேட்பவர். இன்றைக்குக் கேட்கவில்லை. ஒன்பது மணிக்கு பிளேன்ரீ கொண்டுவருகிற சாட்டில் பக்கத்தில் வந்து குனிந்து, கடலைப் பார்த்தபடி சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்.

வியாழன். சாப்பாட்டுப் பார்சல்காரன் போன கையோடு. ஒரு வான். இரண்டு பேர் இறங்கிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். செல்வா புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினானாம். அவர்கள் அவசரப்படுத்தியும் மூடிவிட்டுத்தான் போனானாம். போகும்போது இவரைப் பார்த்து, "அக்கே, குடே பலாகன்ன" என்றானாம்.

குடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

பார்சல்காரன் ஒன்றே முக்காலுக்குப் போவான். ஒவ்வொரு நாளும் ஒன்றே முக்கால்.

பொலிசில் சொல்லுங்கள் அக்கா என்றேன். தலையை ஆட்டினார். "மட்ட லமய் இன்னவா, நங்கி." அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பயத்தில் அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போனவர், இரண்டு நாள் கழித்துத்தான் திறந்திருக்கிறார். அவரை நான் எந்த வாயால் குறை சொல்ல?

மாலையில் ஐயா வந்தார், பொலிசிலிருந்து. சாவடிப் பதிவைப் பார்த்தார்களாம். நாலரைக்குப் பிறகு இரண்டு ஐஸ் லொறி, ஒரு மீன்கார ஓட்டோ. வேறொன்றும் இல்லை. "தானாத்தான் எங்கயோ போயிருக்கான்னு சொல்றாங்க புள்ள. வானு கீனு எதுவும் வரலியாம்."

வான் வந்தது ஐயா. ஒன்றே முக்காலுக்கு வந்தது. அந்தப் பதிவில் அதன் இலக்கம் இருக்கிறது. நான் வேறு பக்கத்தைப் பார்க்க வைத்திருக்கிறேன்.

இது எல்லாம் மனதுக்குள். வாயால், "சாப்பிட்டீங்களா ஐயா?" என்று மட்டும்.

ஞாயிறு, மார்ச் 30

முப்பதாம் நாள். 6.00 மாலை: 0.44. தொடர் முடிந்தது. இந்த நாளுக்கு செல்வா கேக் வாங்குவதாகச் சொல்லியிருந்தான்.

ஐயா வேலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து என்னோடுதான். முடிந்ததும் கேட்டார்.

"புள்ள, அவன் கடைசியா எழுதுன பக்கத்த ஒரு போட்டோகொப்பி எடுத்துத் தர்றியா? எனக்குப் படிக்கத் தெரியாது. நம்பர் தெரியும். மூட்டையில நம்பர் இருக்கும்ல."

கொட்டாஞ்சேனையில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிற கடை ஒன்று. பெரிய கோவில் மணி அடித்துக்கொண்டிருந்தது, பூசைக்குச் சனம் போய்க்கொண்டிருந்தது. பிரதியைச் சூடாகக் கையில் வாங்கி, எஸ்.ஆர். என்று முடிந்த கடைசி ஆறு வரியிலும் விரலை வைத்தார். ஒவ்வொன்றாக. 0.40. 0.42. "நாலரை வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கான். எழுத்து நடுங்கலியே."

எழுத்து நடுங்கவில்லை. ஏனென்றால் நான் நடுங்கவில்லை, அன்றைக்கு.

சொல்ல வாய் திறந்தேன். "இருட்டுது, வீட்டை போங்கோ ஐயா" என்று வந்தது.

திங்கள், மார்ச் 31

பாஸ்போட் எடுத்தேன். விசா கிடைத்திருக்கிறது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனார்.

வந்தவுடன் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்றைக்கே பொலிசுக்குப் போய்ச் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன். அம்மா கதவைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

"உனக்கு விசரே பிள்ளை? பொய் எழுதினனான் எண்டு நீயே போய்ச் சொல்லுவியே? ஏன் எழுதினனி, ஆர் சொல்லி எழுதினனி, உனக்கும் இயக்கத்துக்கும் என்ன தொடர்பு எண்டு கேப்பாங்கள். உன்னையும் இருத்தி வைப்பாங்கள். எனக்கு ஆர் இருக்கினம்? அந்தப் பொடியனுக்காக நான் அழாமல் இருக்கிறனோ? அழுறன். ஆனா நீ வாய் திறக்காதை."

அழுதார், நானும் அழுதேன். மூன்று மணிக்குத் திறப்பைத் தந்தார். காலி வீதியில் பஸ் தரிப்பிடம் வரை போனேன். மூன்று பஸ்ஸை விட்டேன். நாலாவது வர முதல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

பூட்டைக் குறை சொல்ல முடியாது. பூட்டு திறந்துதான் இருந்தது.

செவ்வாய், ஏப்ரல் 1

மழை இருட்டு, மழை இல்லை.

போனேன். அதே சார்ஜன்ட். புத்தகத்தை விரித்து வைத்து, இந்த ஆறு வாசிப்பும் செல்வா எழுதவில்லை, நான் எழுதினேன், ஒன்றரைக்குப் பிறகு அவர் அங்கே இல்லை என்றேன். சிங்களத்தில் முதல் நாளே சொல்லிப் பழகிக்கொண்ட வசனம்.

புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அன்றைக்குக் கேட்டபோது ஓம் என்றீர்களே மிஸ், அது பொய்யா, இது பொய்யா?

அது பொய் சேர். சாவடிப் பதிவில் ஒன்றரையிலிருந்து இரண்டு வரை பாருங்கள் சேர். ஒரு வான்.

யார் வானைக் கண்டது என்று கேட்டார். நான் சோமா அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. கேள்விப்பட்டேன் என்றேன்.

போனை எடுத்துச் சாவடிக்குப் பேசினார். அதை மறக்க மாட்டேன், பேசினார். வைத்துவிட்டு, மாத முடிவில் பழைய பதிவுப் புத்தகத்தைக் கட்டி மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம் என்றார். நேற்றுப் பின்னேரம் போய்விட்டது. இன்றைக்குப் புதுப் புத்தகம். பழையதைக் கேட்டு எழுதலாம். எப்போது பதில் வரும் என்று தன்னால் சொல்ல முடியாது. "ஈயே ஆவ நங்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

நேற்று வந்திருந்தால்.

நேற்று மூன்று பஸ்.

புதன், ஏப்ரல் 2

எழுத முடியவில்லை. மேற்பார்வையாளருக்கு ஈமெயில் அனுப்பினேன். செல்வாவைக் காணவில்லை. 27ஆம் திகதி இரண்டு முதல் நாலரை வரை நான் எழுதியது பொய். தண்டனை என்னவென்றாலும் சரி, ஆனால் செல்வாவின் பெயரில் பிழை இல்லை. அவ்வளவுதான்.

வியாழன், ஏப்ரல் 3

பதில் வந்தது. பெரிய தொர நல்ல மனிதர். செல்வாவுக்காகத் தூதரகத்துக்கு எழுதுகிறாராம். பல்கலைக்கழகமும் எழுதுமாம். நான் செய்தது பாரதூரமான தவறு, விசாரணை இருக்கும், வந்து நேரில் பேச வேண்டும் என்கிறார். சரி.

கடைசியில் ஒரு பந்தி. நெட் கடையில் அதை மூன்று தரம் வாசித்தேன். முப்பது நாள் தொடரில் மூன்று மணி நேர இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. அப்படி வந்தால் வெறுமையாக விட்டு, ஆள் இல்லை என்று குறித்தால் போதும். இதை வகுப்பிலும் சொல்லியிருந்தேனே என்கிறார்.

வீட்டுக்கு வந்து பழைய குறிப்பைத் தேடி எடுத்தேன். என் எழுத்துத்தான்: "இடைவெளி இருந்தால் முழுத் தொடரும் பழுது." அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி, பக்கம் திரும்பி: "ஒரு நாளுக்கு மேற்பட்டால்."

பக்கத்தைத் திருப்பவில்லை நான். அவ்வளவுதான் நடந்தது.

வெள்ளி, ஏப்ரல் 4

செல்வாவின் பாஸ்போட், எடுக்க ஆள் போகாததால், ஜிந்துப்பிட்டி வீட்டுக்குத் தபாலில் வந்திருக்கிறதாம், விசாவோடு. ஐயா பக்கத்துக் கடையிலிருந்து போன் எடுத்துச் சொன்னார். "கெடச்சிருச்சு புள்ள. அவன் வந்ததும் போகலாம்ல?" என்றார்.

ஓம் ஐயா என்றேன். எத்தனை தரம் இந்த ஓம்.

பழைய பதிவு பற்றிப் பொலிசில் இன்றைக்கும் பதில் இல்லை. நாளைக்குப் போய் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். போனில் சொல்லக் கூடாது.

சனி, ஏப்ரல் 5

வெயில். முருகன் கோவில் ஒழுங்கைக்குள் தண்ணீர்க் குழாயடியில் வரிசை. செல்வாவின் வீடு எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் வரிசையில் நின்ற பெண்கள் தாங்களாகவே கையைக் காட்டினார்கள்.

ஒற்றை அறை. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பிரதி. பிளாஸ்ரிக் உறை போட்டு, ஊதுபத்திச் சாம்பல் படாமல் கொஞ்சம் தள்ளி. வருகிறவர்களுக்குக் காட்டுகிறாராம். "எம்மவன் கடைசியா எழுதுனது."

எனக்குக் கதிரையைத் தந்துவிட்டு அவர் நிலத்தில் இருந்தார். நானும் இறங்கி நிலத்தில் இருந்தேன். சொன்னேன். எல்லாம். மச் என்று நினைத்தது, ஏழுக்குக் கோடு போட்டது, பொலிசில் ஓம் என்றது, வான், ஒன்றே முக்கால், அம்மாவின் திறப்பு, மூன்று பஸ், மாத முடிவு.

முடிந்த பிறகு அவர் விரலை மடித்து எண்ணினார்.

"வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். நாலு நாளு வச்சிருந்தியா புள்ள?"

"ஓம் ஐயா."

எழும்பி வெளியே போனார். குழாயடியில் யாரோ வாளியை நகர்த்தி இடம் விட, முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார். இனி வரமாட்டார், நான் போக வேண்டும் என்று நினைத்துச் செருப்பைத் தேடினேன். வந்தார். பிரதியை உறையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். செல்வாவின் மேசையிலிருந்து ஒரு பேனையும்.

"எது அவன் எழுதுனது?"

ஒன்றரையைக் காட்டினேன். 0.38. அந்த வரியில் விரலை வைத்து அழுத்திக்கொண்டார்.

"மத்ததுக்குக் கோடு போடு. ஒரே கோடுதான். அழிச்சிராத. கீழ இருக்கறது தெரியணும்னு சொல்லுவான்."

போட்டேன். ஆறு வரிக்கும் ஆறு கோடு. நேராக வரவில்லை.

அவர் குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப, ரெண்டு மணிக்குக் கடலு எவ்வளவு இருந்துச்சு?"

"தெரியாது ஐயா."

"அத மொதல்லயே எழுதியிருக்கலாமே புள்ள."